ஃபோர் டென் மஸ்கட்டை மீட்டெடுக்கலாமா?

ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையை ஒட்டிய புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். மூன்றிலும் தமிழ் பிராமி எழுத்துகள். அவற்றுள் ஒன்று உடைந்துபோய்ச் சில எழுத்துகள் காணாமற்போயிருந்தன. போன எழுத்து என்னவாக இருக்கும் என்று ஊகித்து, ஒரு கல்தச்சரைக் கூப்பிட்டு வெட்டி நிரப்பிவிடலாம் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கல்வெட்டு படிக்கத் தெரியாதவர்கள்கூடச் சிரித்திருப்பார்கள். இதே நிதானம் பழைய இராணுவத் துப்பாக்கி என்றதும் எங்கோ போய்விடுகிறது. குழல் மாற்றப்பட்டிருக்கிறதா, பழைய குழலைத் தேடிப் பூட்டு. கட்டை அறுபட்டிருக்கிறதா, புதுக்கட்டை போடு. கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா, சுரண்டிப் பளபளப்பாக்கு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசை உலகெங்கும் சேகரிப்பாளர்களிடம் இருக்கிறது. அந்த ஆசை பெரும்பாலும் தவறானது. இந்தியத் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை ஏறக்குறைய எப்போதுமே தவறானது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு மிகப் பொருத்தமான சான்று, காவல் துறையினர் ‘ஃபோர் டென் மஸ்கட்’ என்று சொல்லும் ஆயுதம். பார்வைக்கு அது ‘த்ரீ நாட் த்ரீ’ ரைபிள்தான். அதன் உடல், ஷார்ட் மேகசின் லீ என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் படைத் துப்பாக்கியின் உடல். ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட் அமைப்பையும் என்ஃபீல்டு தொழிற்சாலையின் குழலையும் சேர்த்து 1903இல் ஏற்கப்பட்ட இந்த வகையின் மூன்றாவது மாதிரி 1907இல் வந்தது. வங்காளத்தின் இச்சாப்பூரில் இருந்த ரைபிள் தொழிற்சாலை அந்த மாதிரியைப் பெருமளவில் செய்தது. அதே தொழிற்சாலை, அதே துப்பாக்கிகளில் ஒரு பகுதியை எடுத்து வேறொன்றாகவும் மாற்றியது. 7.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலை 10.4 மில்லிமீட்டருக்குக் குடைந்து, உள்ளே சுற்றி ஓடிய புரிகளை முழுவதும் அழித்து வழுவழுப்பாக்கினார்கள். பத்துத் தோட்டா கொள்ளும் மேகசினுக்குள் ஒரு மரக்கட்டையைச் செருகி, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தோட்டாவைக் கையால் போட்டுச் சுடும்படி செய்தார்கள். இதற்கென்று .303 தோட்டாவின் கூட்டையே கழுத்து இறுக்காமல் நேராக விட்டு ஒரு தனித் தோட்டா செய்யப்பட்டது. கடையில் வாங்கும் சாதாரண .410 வேட்டைத் தோட்டா இதில் முறையாகப் பொருந்தாது.

இந்த மாற்றத்தில் என்ன போயிற்று என்று புரிந்துகொள்ளப் புரியின் வேலை தெரிய வேண்டும். லீ என்ஃபீல்டு குழலின் உட்சுவரில் ஐந்து பள்ளங்கள் இடப்பக்கமாகச் சுழன்று செல்கின்றன; 10 அங்குலத்துக்கு, அதாவது 254 மில்லிமீட்டருக்கு, ஒரு முழுச்சுற்று. குண்டு குழலைவிட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 744 மீட்டர். வகுத்துப் பார்த்தால் குண்டு நொடிக்கு 2900 சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டே பாய்கிறது. இந்தச் சுழற்சிதான் நீளமான, கூர்முனைக் குண்டைக் காற்றில் குப்புற விழாமல் பிடித்துவைக்கிறது. காற்று முனையைத் தள்ளும்போது சுழலும் பொருள் தள்ளிய பக்கம் சாயாது. அதற்குச் செங்குத்தான திசையில் மெல்ல விலகி, தான் பாயும் திசையைச் சுற்றியே வட்டமிடும். புரி இல்லாத குழலில் இது எதுவும் நடக்காது. நீளக் குண்டு போட்டால் அது புரண்டு போகும். ஆகவே உருண்டைக் குண்டோ ரவையோதான் போட முடியும். உருண்டைக்கு முன்பின் கிடையாது என்பதால் புரண்டாலும் கவலையில்லை, ஆனால் காற்றுத் தடையில் வேகம் விரைவாக இறங்கிவிடும். பல நூறு மீட்டர் குறி வைக்கக்கூடிய ஆயுதம் ஒரு தெருவின் நீளத்துக்கு மட்டும் பயன்படுவதாகச் சுருங்கிற்று.

திறமையான பொறியாளர்கள், நல்ல இயந்திரங்களைக் கொண்டு, நன்றாகச் செய்த ஒரு பொருளை வேண்டுமென்றே மட்டமாக்கினார்கள். ஏன்? காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் நெடுந்தூரத் துப்பாக்கி தேவையில்லை. கூட்டத்துக்கு நடுவே சுட்ட குண்டு இரண்டு தெரு தாண்டிப் போய் யாரையோ கொல்லக் கூடாது. இது ஒரு காரணம், நியாயமான காரணமும்கூட. இன்னொன்று, இந்தத் துப்பாக்கி பறிபோனாலோ, வைத்திருப்பவரே எதிர்த்தரப்புக்குப் போய்விட்டாலோ, படையின் .303 தோட்டா அதற்கு உதவாது. படைக்கு ஈடாக அதைப் பிடித்து நிற்கவும் முடியாது. இரண்டாவது காரணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் கொழுப்புத் தடவிய தோட்டா 1857 எழுச்சிக்குப் பொறியானது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. அதற்கு அடுத்து நடந்தது பாடத்தில் வருவதில்லை. எழுச்சி அடங்கியதும் இந்தியப் படையினருக்காக அதே என்ஃபீல்டின் .577 அங்குலக் குழல் .656 அங்குலமாகக் குடைந்து வழுவழுப்பாக்கப்பட்டது. தூரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் குறிகாட்டியைக் கழற்றிவிட்டு அசையாத ஒரு வெட்டுக்குறியை வைத்தார்கள். வெள்ளைப் படையினர் கையில் ரைபிள், கறுப்புப் படையினர் கையில் மஸ்கட். பிறகும் பல பத்தாண்டுகள், பிரிட்டிஷ் படைக்கு ஸ்னைடர் ரைபிள் வந்தபோது இந்தியருக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, அவர்களுக்கு மார்ட்டினி ரைபிள் வந்தபோது இவர்களுக்கு ஸ்னைடர் என்று ஒரு தலைமுறை பின்தங்கியே ஆயுதம் கொடுக்கப்பட்டது. ஃபோர் டென் மஸ்கட் இந்த வரிசையின் கடைசிப் பிள்ளை. விடுதலைக்குப் பிறகும் இச்சாப்பூரில் இந்த மாற்றம் தொடர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்சி மாறியது, காவலர் கையில் எவ்வளவு தூரம் பாயும் ஆயுதம் இருக்கலாம் என்ற கணக்கு உடனே மாறவில்லை.

தேனிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இந்தக் கணக்கு தூரத்துச் செய்தி அல்ல. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ‘ரேகைச் சட்டம்’ என்று ஊரில் சொல்லப்பட்ட அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நீக்கப்பட்டது. யாருக்கு எந்த ஆயுதம் கொடுப்பது, யாருக்கு மறுப்பது, கொடுத்ததையும் எவ்வளவு முடமாக்கிக் கொடுப்பது என்பவை இந்த வட்டாரத்தில் மக்கள் உயிரோடு விளையாடிய முடிவுகள். அந்த முடிவுகளை அரசாணைகளில் படிக்கலாம். ஆணையில் எழுதியது நடைமுறைக்கு வந்ததா, எப்படி வந்தது என்பதற்கு இரும்பில் கிடைக்கும் சாட்சி, குடைந்த அந்தக் குழல்தான். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புரியுள்ள குழலைப் பூட்டுகிறவர், ஒரு துப்பாக்கியை மீட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு கொள்கையின் தடயத்தை அழிக்கிறார்.

துப்பாக்கி வரலாற்றில் இத்தகைய தடயம் இது ஒன்று மட்டுமல்ல. படைக்குரிய தோட்டாக்களைப் பொதுமக்கள் பயன்படுத்துவதைப் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் தடுத்ததால், லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே .315 என்ற வேறு அளவில் வேட்டைத் துப்பாக்கிகளைப் பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்து அனுப்பியது. இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் இன்றும் .315 ரைபிள் செய்கின்றன. மூலச் சட்டத்தைப் போட்டவர்கள் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும், அந்தச் சட்டத்துக்குப் பயந்து பிறந்த அளவு சந்தையில் நிற்கிறது. ஒரு பொருளின் வடிவத்தில் சட்டம் இவ்வளவு அழுத்தமாகப் பதிந்திருப்பதை வேறு எந்தத் துறையில் பார்க்க முடியும் என்று தெரியவில்லை.

‘மூல வடிவம்’ என்று ஒன்றை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். லீ என்ஃபீல்டின் மூல வடிவம் எது? 1907 மாதிரியில் மேகசினை மறைக்கும் ஓர் இரும்புத் தகடு இருந்தது. சிப்பாய் தோட்டாக்களை வீணடித்துவிடுவான் என்று பயந்த தளபதிகள், சாதாரண நேரத்தில் அவன் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடட்டும், ஆபத்து நேரத்தில் மட்டும் தகட்டை இழுத்து மேகசினைத் திறக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு அது. முதல் உலகப் போரின் நெருக்கடியில் 1916இல் அந்தத் தகட்டையும் நெடுந்தூரக் குறிகாட்டியையும் கைவிட்டார்கள். பழைய துப்பாக்கிகள் பழுதுபார்க்கப் போனபோது அவற்றிலும் இந்த மாற்றங்கள் ஏறின. (மஸ்கட்டுக்குள் செருகிய மரக்கட்டை, அந்தத் தகட்டின் வேலையை நிரந்தரமாகச் செய்தது என்பது வேடிக்கையான ஒற்றுமை. முதலில் பயந்தது தோட்டா வீணாகும் என்று. அடுத்துப் பயந்தது மனிதர்களைப் பார்த்து.) பிறகு முழுச் சீரமைப்புகள் வந்தன. ஒரே துப்பாக்கி இருபது, முப்பது ஆண்டுகளில் சில முறை தொழிற்சாலைக்குத் திரும்பி, குழலும் கட்டையும் மாற்றி, புது முத்திரையோடு வெளியே போகும். 1947க்கு முன் செய்த இச்சாப்பூர் ரைபிளில் பிரிட்டிஷ் கிரீடம். பின்னால் வந்தவற்றில் அசோகச் சிங்கம். கிரீடம் பொறித்த உடலில் சுதந்திர இந்தியாவின் சீரமைப்பு ஆண்டும் பொறித்த ஒரு துப்பாக்கியை 1918க்குத் திருப்புவதா, 1950க்குத் திருப்புவதா? எந்த ஆண்டைத் தேர்ந்தாலும் மற்றதைப் பொய்யாக்க வேண்டியிருக்கும்.

இதற்கு மேல் ஒரு பௌதிகத் தடையும் இருக்கிறது. குடைவது என்றால் உலோகத்தை எடுத்துவிடுவது. குழலின் சுவரிலிருந்து சுற்றிலும் ஒன்றேகால் மில்லிமீட்டருக்கு மேல் எஃகு சுருள் சுருளாகச் சீவப்பட்டுத் தொழிற்சாலைக் குப்பைக்குப் போய்விட்டது. அதை மறுபடி வைக்க வழியில்லை. ஆகவே ‘மீட்டெடுத்தல்’ என்பது நடைமுறையில் வேறொரு துப்பாக்கியின் குழலைக் கழற்றி இதில் மாட்டுவதுதான். மாட்டியபின் கிடைப்பது, எந்தப் படைவீரரும் எந்தக் காவலரும் எந்த நாளிலும் கையில் பிடிக்காத ஒரு மூன்றாவது ஆயுதம். இந்தியாவிலிருந்து உபரியாக விற்கப்பட்ட மஸ்கட்டுகள் அமெரிக்கா வரை போயிருக்கின்றன. அங்கே ஒரு சாராருக்கு அவற்றைத் திரும்ப .303 ஆக்குவது பொழுதுபோக்கு. செய்கிறவர்களின் கைத்திறனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் செய்வது மீட்பு அல்ல, அழகான ஒட்டுவேலை.

மாற்றத்தை அழிக்காமல் படிக்க அறிவியல் நிறைய வழிகளைத் தருகிறது. போல்ட், உடல், மூக்குத்தொப்பி, குறிகாட்டி ஆகியவற்றில் பொறித்த எண்களை ஒப்பிட்டால் எது உடன்பிறந்தது, எது பின்னால் வந்தது என்று தெரியும். பழைய எண்ணை அரம் போட்டுத் தேய்த்துப் புது எண் அடித்திருந்தால்கூடப் பழையது முழுதாகச் சாவதில்லை. உளிமுனை எஃகில் இறங்கும்போது பள்ளத்துக்குக் கீழே உள்ள படிகங்களும் நசுங்குகின்றன. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அந்த நசுங்கல் அடியில் தங்கிவிடும். நசுங்கிய உலோகமும் நசுங்காத உலோகமும் அமிலக் கரைசலில் வேறுவேறு வேகத்தில் அரிக்கப்படுவதால் அழிந்த எண் நிழல்போல எழும். தடய அறிவியலார் திருட்டு வாகன எண்களுக்கும் இதையே செய்கிறார்கள். 1849இல் சென்னையில் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தின் வழிவந்த தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு இது அன்றாட வேலை. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி ஒரு பாகத்தைத் தொட்டு நொடிகளில் அதன் உலோகக் கலவையைச் சொல்லும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: ‘சுத்தம் செய்கிறேன்’ என்று யாரும் முன்னாலேயே தேய்த்து மெருகேற்றியிருக்கக் கூடாது. எந்தக் குறி வேலை நுணுக்கம், எது வெறும் கீறல் என்று ஆராய்வதற்கு முன்பே பளபளப்பாக்கிய துப்பாக்கி, வெள்ளையடித்த கல்வெட்டுக்குச் சமம்.

துருவைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் எல்லாத் தவறும் அங்கேதான் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் கேரள மலையைத் தாண்டிக் கணவாய்கள் வழியே கூடலூர், கம்பம் பக்கம் சாரலோடு இறங்கும். அக்டோபரில் வடகிழக்கு மழை வரும். நடுவில் ஆண்டிபட்டிப் பக்கம் நெருப்பாகக் காயும். ஒரே மாவட்டத்துக்குள் இப்படி ஈரமும் வறட்சியும் மாறி மாறி வருவது இரும்புக்கும் மரத்துக்கும் கேடு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து அரிமானம் வேகம் பிடிக்கும். உப்பு இருந்தால் அதற்குக் குறைவான ஈரமே போதும். லீ என்ஃபீல்டு குழலுக்கு உப்பு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பழைய .303 தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். சமையல் உப்பின் உடன்பிறப்பான இது காற்றின் ஈரத்தை இழுத்து எஃகைத் தின்னும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது, உப்பு எண்ணெயில் கரையாது. அதனால்தான் அக்காலச் சிப்பாய்கள் சுட்டு முடித்தவுடன் குழலில் கொதிநீர் ஊற்றினார்கள்: நீர் உப்பைக் கரைக்கும், சூடு நீரை உலர்த்தும். ஆக, ஒரு குழலில் உள்ளே குழிகுழியாக அரித்திருந்தால் அது கொதிநீர் ஊற்றாமல் விட்ட கை ஒன்றின் பதிவு. அதை இழைத்துச் சமன்செய்தால் அந்தப் பதிவும் போகும், குழலின் பலமும் குறையும். செய்ய வேண்டியது வேறு: உலோகத்தோடு ஒட்டிய கெட்டியான பழுப்புப் படலத்தை விட்டுவிட்டு, பொருபொருவென்று உதிரும் செந்துருவை மட்டும் மெல்ல எடுத்து, உப்பைக் கழுவி, உலர்த்தி, தேவைப்பட்டால் வேண்டும்போது கரைத்து நீக்கக்கூடிய மெழுகையோ பிசினையோ பூசி, ஈரம் கட்டுப்பட்ட பெட்டியில் வைப்பது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் எஸ். பரமசிவன் தொடங்கிய வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்து புகழ்பெற்றது. அந்த முறை அரிமானத்தை நிறுத்தியது. கூடவே மேற்பரப்பின் வரலாற்றையும் ஓரளவு கரைத்தது. அதனால் பின்னாளில் உலகெங்கும் பாதுகாப்பாளர்கள் அதன் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். எதை எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாதோ அதைக் கடைசியாகத் தொடு என்ற விதி அனுபவத்திலிருந்து வந்தது.

இப்போது எதிர்வாதங்கள். வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லா மாற்றமும் அரசின் கொள்கையா, எவனோ ஒருவன் ரம்பத்தை எடுத்துக் கட்டையை அறுத்ததும் வரலாறா? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேலைநாடுகளில் உபரி ரைபிள்களை மலிவாக வாங்கியவர்கள் மான்வேட்டைக்குத் தோதாக முன்கட்டையை அறுத்தார்கள், குறிகாட்டியைக் கழற்றினார்கள். அந்த ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளில் ஒன்றுக்கு அதே மாதிரியின் பழைய முன்கட்டையைப் பொருத்தினால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் பெரிதாகக் குறையாது, ஒப்புக்கொள்கிறேன். உலோகத்தில் கை வைக்காமல், கழற்றிவிடக்கூடிய பாகங்களைக் கொண்டு, செய்ததைப் பதிவும் செய்து, அறுத்த கட்டையைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டால் அதை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை. பயிற்சிக்காக .303 குழலுக்குள் .22 அளவுக் குழாயைச் செருகிய ரைபிள்களும், என்.சி.சி. மாணவர்கள் அணிவகுப்புக்குத் தூக்கும் சுட முடியாதபடி ஆக்கிய டிரில் ரைபிள்களும் வேறு வகை. அவற்றைச் செய்தது ஒரு நிறுவனம், ஒரு நோக்கத்தோடு, ஓர் ஆணையின்படி. ஒரே மாதிரியாக, எண்ணிக்கையில், முத்திரையோடு. மாற்றத்தை யார் செய்தார், ஏன் செய்தார், அதற்கு வேறு சான்று இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே ரம்பக்காரனையும் இச்சாப்பூரையும் பிரித்துவிடலாம். ஃபோர் டென் மஸ்கட் மூன்றிலும் தேறுகிறது.

அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைக்குக் குடைந்த குழலும் மரக்கட்டை செருகிய மேகசினும் என்ன புரியும், முழுமையான ரைபிளைக் காட்டினால்தானே விளங்கும் என்பது அடுத்த கேள்வி. விளங்க வைப்பது காட்சிப்படுத்துகிறவரின் வேலை. அந்தப் பாரத்தைத் துப்பாக்கியின் தலையில் ஏற்றக் கூடாது. மாற்றாத .303 ஒன்றையும் மாற்றிய .410 ஒன்றையும் அருகருகே வைத்து, இரண்டு குழல்களின் குறுக்குவெட்டுப் படத்தை மேலே மாட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் முதல் கேள்வியே ‘எதுக்கு இதை மட்டும் வழுவழுன்னு ஆக்குனாங்க?’ என்பதாக இருக்கும். அந்தக் கேள்வி 1857க்கும் பெருங்காமநல்லூருக்கும் வழிகாட்டும். மீட்டெடுத்த ரைபிள் அப்படி ஒரு கேள்வியை எழுப்பாது. ஓர் ஊரில் பத்து .303 இருக்க, பதினொன்றாவதாக ஒன்றைச் செய்து வைப்பதில் என்ன பயன்?

இயங்காத இயந்திரம் பிணம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பழைய நீராவி எஞ்சினை ஓட்டிக் காட்டுகிறோமே, துப்பாக்கியை மட்டும் ஏன் சுடக் கூடாது? நூறாண்டு பழைய எஃகில் உள்விரிசல் வெளியே தெரியாது. ஒவ்வொரு தோட்டா வெடிக்கும்போதும் ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் அழுத்தம் எழுகிறது. குடைந்து மெலிந்த சுவர்கள் அந்த அழுத்தத்துக்காகச் செய்தவை அல்ல. இது பொறியியல் பதில். சட்டப் பதில் இன்னும் எளிது. இந்தியாவில் .303 ரைபிள்கள் மட்டுமின்றி, .410 மஸ்கட்டுகளும் பெயர் சொல்லியே ஆயுத விதிகளின் அட்டவணையில் தடைசெய்யப்பட்ட பிரிவில் இருக்கின்றன. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமமின்றிச் சுடுகலன்களைச் செய்வதையும் பழுதுபார்ப்பதையும் மாற்றுவதையும் தடுக்கிறது. பழமை காரணமாக விலக்குத் தரும் 45ஆம் பிரிவோ, பழுதுபார்த்தாலும் பழுதுபார்க்காவிட்டாலும் சுடுகலனாகப் பயன்பட முடியாத பழம்பொருளுக்கு மட்டும்தான் விலக்குத் தருகிறது. அதாவது, பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் வரைதான் சட்டம் அதைப் பழம்பொருளாக மதிக்கும். ‘மூல வடிவத்துக்கு’ மீட்டால் ஆயுதமாகப் பார்க்கும். மேலைநாட்டுச் சேகரிப்பாளருக்கான கையேட்டை இங்கே யாராவது பின்பற்றினால் அவர் போய்ச் சேரும் இடம் அருங்காட்சியகமாக இருக்காது.

கட்டடங்களைப் பற்றி 1964இல் வெனிஸ் நகரில் உலகப் பாதுகாப்பு வல்லுநர்கள் வகுத்த சாசனம், ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே மீட்புப் பணி நின்றுவிட வேண்டும் என்றும், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தாரும் சேர்த்தவற்றை மதிக்க வேண்டும் என்றும் சொன்னது. நம் ஊர்க் கோயில் திருப்பணிகளில் மணல்வீச்சால் கல்வெட்டுகள் மழுங்கியதைப் பார்த்துத்தான் இந்த விதிகளின் அருமை பலருக்குத் தெரியவந்தது. கோயிலுக்குப் பொருந்தும் விதி கொலைக்கருவிக்கும் பொருந்துமா என்று தயங்குகிறவர்கள் இருப்பார்கள். கோயிலைவிடத் துப்பாக்கிக்குத்தான் அது கூடுதலாகப் பொருந்தும். கோயிலில் வழிபாடு தொடர்கிறது, அதற்காகச் சில மாற்றங்களை அனுமதிக்க வேண்டியிருக்கிறது. காவலில் இருந்து ஓய்வு கொடுத்த மஸ்கட்டுக்கு இனி வேறு வேலை கிடையாது. சாட்சி சொல்வது ஒன்றுதான் மிச்சம். உத்தரப் பிரதேசக் காவல் துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு .303 ரைபிள்களுக்கு விடை கொடுத்தது. மற்ற மாநிலங்களிலும் பழைய ஆயுதங்கள் வரிசையாகக் கழிக்கப்படுகின்றன. கழித்தவை உருக்கு உலைக்கு மொத்தமாகப் போகும் முன், மாற்றங்கள் கலையாத சில மாதிரிகளையாவது எண்களோடும் பதிவேடுகளோடும் மாவட்டந்தோறும் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்க வேண்டும். அவற்றில் ஒன்றையும் ‘பழைய பொலிவுக்கு’ மாற்றக் கூடாது.

கம்பம் பள்ளத்தாக்கில் ஏலத்தோட்டத்து வீடுகளிலும் பழைய பண்ணை வீடுகளிலும் பரண் ஒழிக்கும்போது தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று கிடைத்தால் அதற்குள் மருந்து இன்னும் கெட்டித்திருக்கலாம் என்பதை முதலில் நினைவில் வையுங்கள்; விசையையோ குதிரையையோ இழுத்துப் பார்க்காதீர்கள். எண்களும் முத்திரைகளும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளையும் மண்ணெண்ணெயையும் கிட்டே கொண்டுவர வேண்டாம். உரிமம் இல்லாத ஆயுதத்தை வீட்டில் வைத்திருப்பது குற்றம். உரிமம் பெற்றவர் இறந்துபோயிருந்தாலும் ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைக்க ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழி செய்கிறது. ஒப்படைக்கும்போது ரசீது வாங்குங்கள்; இது பழம்பொருளாக இருக்கலாம், அழிக்கும் முன் அருங்காட்சியகத் துறையின் கருத்தைக் கேளுங்கள் என்று மனுவில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.